இதழின் தளம் மூடிவிட்டால் உங்கள் கட்டுரை எங்கே இருக்கும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறிய ஓபன் ஆக்சஸ் மருத்துவ இதழில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த இதழில், உங்கள் கேஸ் ரிப்போர்ட் (ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை) வெளிவந்தது. கொஞ்ச நாளாக அந்த இதழின் இணையதளம் திறக்கவில்லை, கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐ-யின் இணைப்பைத் தட்டினால் பிழைப் பக்கம்தான் வருகிறது, ஆசிரியர் குழுவுக்கு எழுதிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. "திறந்த இதழ்தானே, கட்டுரை எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நினைத்தேன், இப்போது அது போய்விட்டதா?" என்கிறீர்கள். அதோடு, இதழ்கள் தங்கள் கொள்கைப் பக்கத்தில் 'நிரந்தர ஆவணக்காப்பு உண்டு' என்று எழுதி வைப்பதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நான் பல வருடங்களாக மருத்துவ இதழ்களின் தயாரிப்பிலும் ஆசிரியர் அலுவலக வேலையிலும் இருக்கிறேன், அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். பதிப்புரிமை பற்றிச் சொல்லும் இடங்களில் மட்டும் என் பேச்சைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை, உங்கள் நிறுவன நூலகரிடம் ஒருமுறை அதைக் காட்டிவிடுங்கள்.

கட்டுரை அநேகமாக எங்கோ இருக்கிறது. ஆனால் அது திறந்த இதழில் வந்தது என்பதற்காக மட்டும் எங்கும் பத்திரமாக இருந்துவிடாது. திறந்திருப்பது என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பகிரலாம் என்ற அனுமதி. காத்து வைப்பது என்பது யாராவது பணமும் ஆளும் போட்டு வருடக் கணக்கில் செய்ய வேண்டிய வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். இத்தனைக்கும், ஆரம்பத்தில் இதைப் பற்றி யோசித்தவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். 2003-ல் வந்த பெதஸ்டா அறிக்கை, திறந்த வெளியீடு என்று ஒன்றைச் சொல்ல இரண்டு நிபந்தனைகள் வைத்தது. முதலாவது, எல்லாருக்கும் படிக்கவும் பயன்படுத்தவும் உரிமை. இரண்டாவது, கட்டுரை வெளியான உடனேயே நீண்ட காலம் காத்து வைக்கக்கூடிய ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்திலாவது அதன் முழுப் பிரதியைச் சேர்ப்பது. அதே வருடம் வந்த பெர்லின் பிரகடனமும் இதையே திருப்பிச் சொன்னது. முதல் பாதியை எல்லா இதழ்களும் முகப்பில் போட்டுக்கொண்டன, இரண்டாவது பாதி பல இடங்களில் அப்படியே நின்றுபோனது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அச்சு இதழ் காலத்தில் காத்து வைக்கும் வேலையைப் பதிப்பாளர் செய்யவே இல்லை. சந்தா கட்டிய நூலகங்கள் ஒவ்வொன்றும் இதழை பைண்டு செய்து அடுக்கில் வைத்தன, பதிப்பகமே மூடினாலும் நூற்றுக்கணக்கான ஊர்களில் பிரதி இருந்தது. யாரும் திட்டமிடாமலே நடந்த பாதுகாப்பு அது. மின்னிதழ் வந்ததும் நூலகத்தின் கையில் பிரதி இல்லை, பதிப்பாளரின் சர்வரைப் பார்க்கும் உரிமை மட்டும்தான். சந்தா இதழ்களிலாவது நூலகங்கள் பணம் கட்டுகின்றன, அதனால் 'நீங்கள் மூடிவிட்டால் பழைய இதழ்கள் எங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?' என்று ஒப்பந்தத்தில் கேட்க முடிந்தது. திறந்த இதழில் நூலகம் வாங்குபவராகவே இல்லை. ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. ஒரு மருத்துவர் சங்கம் நடத்தும் சிறிய இதழ், ஒரு கல்லூரித் துறையின் சர்வரில் ஓடுவது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓய்வு பெற்றதும் டொமைன் புதுப்பிக்கப்படாமல் போவது: நான் பார்த்த வரை இதழ்கள் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். மோசடி இதழ்கள் ஒரு நாள் கடையைக் கட்டிவிட்டுப் போவதும் உண்டு, ஆனால் நல்ல எண்ணத்தோடு நடந்தவையும் அதே வேகத்தில்தான் மறைகின்றன.

இது எவ்வளவு பரவலாக நடக்கிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். லாக்ஸோ, மத்தியாஸ், யான் ஆகிய மூவர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, 2000 முதல் 2019 வரை 174 திறந்த இதழ்கள் இணையத்திலிருந்து முழுமையாக மறைந்துவிட்டதைக் கண்டது. எல்லா முக்கியத் துறைகளிலும், உலகின் எல்லாப் பகுதிகளிலும் அவை இருந்தன. 2024-ல் மார்ட்டின் ஈவ் செய்த ஆய்வு இன்னும் பெரியது. டிஓஐ உள்ள சுமார் 74 லட்சம் கட்டுரைகளை எடுத்து, அவை தெரிந்த ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றனவா என்று பார்த்தார். ஏறக்குறைய 28 சதவீதத்துக்கு எங்கும் பிரதி தென்படவில்லை. இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். அத்தனையும் தொலைந்துவிட்டன என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அவர் தேடிய காப்பகங்களில் இல்லை, அவ்வளவுதான். ஒரு பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ தேசிய நூலகத்திலோ பிரதி இருந்தால் அது அந்தக் கணக்கில் வராது. அதே சமயம், மேலே சொன்ன 174 என்பதும் குறைந்தபட்சக் கணக்குத்தான் என்று நினைக்கிறேன். தடமே இல்லாமல் போனதை எண்ணுவது இயல்பிலேயே கஷ்டம்.

டிஓஐ பற்றி நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். டிஓஐ ஒரு வழிகாட்டிப் பலகை. அது காட்டும் திசையில் ஊர் இன்னும் இருக்கிறதா என்று பலகை பார்த்துக்கொண்டிருக்காது. இதழ் கட்டுரையை வெளியிடும்போது கிராஸ்ரெஃப் போன்ற பதிவு அமைப்பிடம் எண்ணையும், கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர், தேதி போன்ற விவரங்களையும், அது இருக்கும் இணைய முகவரியையும் கொடுக்கிறது. முகவரி மாறினால் சொல்ல வேண்டியது இதழின் கடமை. இதழே இல்லாமல் போனால் சொல்ல ஆளில்லை, இணைப்பு செத்த பக்கத்துக்கே போய்க்கொண்டிருக்கும். கட்டுரையின் பிடிஎஃப் கிராஸ்ரெஃபிடம் இருக்காது. ஆனால் ஒன்று உறுதி: பதிவு செய்த விவரங்கள் கிராஸ்ரெஃபில் இருக்கும், இதழின் தளம் போனாலும் அவை போகாது. பதவி உயர்வுக்கோ நேர்காணலுக்கோ 'இப்படி ஒரு கட்டுரை இந்தத் தேதியில் இந்த இதழில் வந்தது' என்று காட்ட அது போதுமான சான்று. அந்தப் பக்கத்தை இன்றே சேமித்து வையுங்கள். ஏற்பு மின்னஞ்சல், புரூஃப், இறுதி பிடிஎஃப் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வையுங்கள்.

சரி, அப்படியானால் உண்மையான ஆவணக்காப்பு எப்படி இருக்கும்? மருத்துவ இதழ்களில் அதிகம் பார்ப்பது சில பெயர்கள்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1990-களின் கடைசியில் தொடங்கிய லாக்ஸ் என்ற மென்பொருள் அவற்றில் மூத்தது. ஒரே உள்ளடக்கத்தைப் பல நூலகங்கள் தனித்தனியாகச் சேமித்து வைக்கும். அந்தக் கணினிகள் அவ்வப்போது ஒன்றோடொன்று பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும், ஒன்றில் கோப்பு சிதைந்திருந்தால் மற்றவற்றை வைத்துச் சரிசெய்யும். அதே தொழில்நுட்பத்தில், பதிப்பாளர்களும் நூலகங்களும் சேர்ந்து நடத்தும் கிளாக்ஸ் உலகம் முழுக்க 12 இடங்களில் பிரதிகளை வைத்திருக்கிறது. இது மூடிய காப்பகம், இதழ் இயங்கிக்கொண்டிருக்கும்வரை யாரும் உள்ளே போய்ப் படிக்க முடியாது. இதழ் நின்று, வேறெங்கும் கிடைக்காத நிலை வந்தால் மட்டும் கதவைத் திறந்து எல்லாருக்கும் இலவசமாகப் போட்டுவிடுவார்கள். போர்ட்டிகோ 2005-ல் தொடங்கியது. பதிப்பாளரிடமிருந்து மூலக் கோப்புகளை வாங்கி, காலப்போக்கில் கோப்பு வடிவங்கள் பழசானால் புதியவற்றுக்கு மாற்றிக்கொண்டே போவது அவர்கள் முறை. எந்த முறை உசத்தி என்று துறைக்குள் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்தால் இரண்டிலும் இருப்பது நல்லது என்பதுதான் என் பக்கம்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் ஏற்பாடு அல்ல என்பதற்கு மருத்துவத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. உறுப்பு மாற்று சிகிச்சை பற்றி 'கிராஃப்ட்' என்று ஓர் இதழ் இருந்தது, சேஜ் பதிப்பகம் வெளியிட்டது. 2003-ஓடு நிறுத்திவிட்டார்கள். பிறகு பதிப்பாளரின் தளத்திலிருந்தும் அது போனது. 2008-ல் கிளாக்ஸ் தன் காப்பிலிருந்து முதன்முதலில் திறந்துவிட்டது இந்த இதழைத்தான். நின்றுபோன ஒரு சந்தா இதழ் இன்று யாரும் இலவசமாகப் படிக்கும்படி இருக்கிறது, காரணம் அது தளத்திலிருந்து போவதற்கு முன்பே பிரதி காப்பகத்தில் சேர்ந்திருந்ததுதான். தளம் போன பிறகு இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ய முடியாது.

மருத்துவ இதழ்களுக்கு மட்டும் இன்னொரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு, பப்மெட் சென்ட்ரல். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2000-ல் தொடங்கிய முழுக்கட்டுரைக் காப்பகம் இது. இதையும் பப்மெட்டையும் மெட்லைனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். உங்கள் கேள்வியிலும் 'பப்மெட்டில் இருக்கிறது, அதனால் பத்திரம்' என்று ஒரு வரி இருந்தது, ஆகவே சொல்லிவிடுகிறேன். பப்மெட் என்பது தேடும் இடம். அங்கே இருப்பது தலைப்பும் சுருக்கமும் இணைப்பும். மெட்லைன் என்பது நிபுணர் குழு தேர்ந்தெடுத்த இதழ்களின் பட்டியலாக அதற்குள் இருக்கும் ஒரு பகுதி. பப்மெட் சென்ட்ரல் மட்டும்தான் கட்டுரையின் முழு உடலையும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பப்மெட்டில் உங்கள் கட்டுரையைத் தேடிப் பாருங்கள். பிஎம்சி என்று தொடங்கும் எண் ஒன்று அதற்கு இருந்தால் இதழின் தளம் என்ன ஆனாலும் கட்டுரை அங்கே இருக்கிறது, கவலையை விட்டுவிடலாம். பப்மெட்டின் பதிவு எண்ணான பிஎம்ஐடி மட்டும் இருந்தால் சுருக்கம் மட்டும்தான் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் இதன் சகோதரத் தளம் யூரோப் பிஎம்சி, அங்கேயும் ஒருமுறை தேடுங்கள்.

பிஎம்சி எண் இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரி. இதழ்களுக்கான அடையாள எண் முறையான ஐஎஸ்எஸ்என்-இன் சர்வதேச மையம் இதை நடத்துகிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கொடுத்தால் எந்தக் காப்பகம் அந்த இதழின் எந்தெந்தத் தொகுதிகளை வைத்திருக்கிறது என்று காட்டும். இதழ் சொல்வதை நம்பாமல் காப்பகங்களே சொல்வதைக் கேட்கும் இடம் இது, ஆகவே யார் கேட்டாலும் நான் இதைக் கைகாட்டுவேன். பார்க்கும்போது இதழின் பெயர் இருப்பதோடு திருப்திப்பட வேண்டாம், உங்கள் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு வருடம் அனுப்பிவிட்டு அப்புறம் நிறுத்திவிட்ட இதழ்கள் உண்டு. 'இன் புராகிரஸ்' (நடந்துகொண்டிருக்கிறது) என்று குறிப்பிட்டிருந்தால், கோப்புகள் வந்துகொண்டிருக்கின்றன, இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இங்கேதான் கொள்கைப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி வருகிறது. சிறிய இதழ்களில் பாதிக்குமேல் ஓஜேஎஸ் என்ற, இதழ் நடத்த உதவும் இலவச மென்பொருளில் ஓடுபவை என்றுதான் என் அனுபவத்தில் சொல்வேன். அதில் 'இந்த இதழ் லாக்ஸ் அமைப்பைப் பயன்படுத்துகிறது' என்ற ரீதியில் ஆயத்த வாசகம் ஒன்று கூடவே வரும். ஒரு பெட்டியை டிக் செய்தால் அந்த வரி தளத்தில் ஏறிவிடும். அந்த வரி சொல்வதெல்லாம் 'எங்கள் உள்ளடக்கத்தை எடுத்துச் சேமிக்க அனுமதி தருகிறோம்' என்பதுதான். எந்த நூலகமாவது வந்து எடுத்ததா என்பது தனிக் கதை. யாருமே எடுக்காத இதழின் தளத்திலும் அந்த வரி நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். எழுதி வைத்த ஆசிரியர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களில் பலர் அதையே உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். இதேபோல 'எங்கள் சர்வரில் தினமும் பேக்கப் எடுக்கிறோம்' என்பதும் ஆவணக்காப்பு ஆகாது. சர்வருக்குப் பணம் கட்டுபவர் போனால் பேக்கப்பும் கூடவே போகும். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதும் எதற்கும் உத்தரவாதம் இல்லை, அது ஒரு தலைப்பை அடையாளம் காட்டும் எண், தரத்தையோ ஆயுளையோ பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

காப்பகத்தில் போய்ச் சேர்ந்தது என்ன என்பதும் முக்கியம். பிடிஎஃப் மட்டும் போனால் மனிதர் படிக்கலாம். கட்டுரையின் பகுதிகளைக் குறியிட்டுக் காட்டும் எக்ஸ்எம்எல் வடிவமும் போனால்தான் அட்டவணை அட்டவணையாக, மேற்கோள் மேற்கோளாக எதிர்கால மென்பொருளுக்குப் புரியும். பப்மெட் சென்ட்ரல் ஆரம்பத்திலிருந்தே இதழ்களிடம் எக்ஸ்எம்எல் கேட்டுப் பிடிவாதமாக இருந்தது, அதற்காக மருத்துவ நூலகம் உருவாக்கிய குறியீட்டு முறைதான் பின்னால் 2012-ல் ஜாட்ஸ் என்ற பொதுத் தரமாக ஆனது. சிறிய இதழ்களுக்கு இது செலவு பிடிக்கும் வேலை, அதனால் தள்ளிப்போடுகிறார்கள். எல்லாவற்றையும்விட பலவீனமான இடம் துணைக்கோப்புகள். ஸ்கேன் படங்கள், அறுவை சிகிச்சைக் காணொளி, தரவுத் தாள்கள் எல்லாம் 'கூடுதல் கோப்பு' என்று தளத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், காப்பகத்துக்கு அனுப்பும் பொட்டலத்தில் பல சமயம் இருக்காது. உங்கள் கேஸ் ரிப்போர்ட்டுக்கு காணொளி இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டுரை ஏதோ ஒரு காப்பகத்தில் கிடைத்தாலும் காணொளி கிடைக்கும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். மூலக் கோப்பு உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஒரு சிறிய கேஸ் ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்று நீங்கள் ஓரிடத்தில் தயங்கியிருந்தீர்கள். வேண்டும் என்றுதான் சொல்வேன். 2001-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வில் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை மூச்சு வழியாகச் செலுத்தினார்கள். ஆரோக்கியமாக இருந்த 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் செயலிழந்து இறந்தார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்பதற்கான குறிப்புகள் 1950-களின் மருத்துவ இதழ்களில் இருந்தன. ஆய்வாளர் பப்மெட்டில் தேடியிருந்தார், ஆனால் அன்று அது 1966-க்குப் பிந்தையதைத்தான் காட்டியது. அந்த மரணத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, மேற்பார்வையிலும் ஒப்புதல் படிவத்திலும் வேறு குறைகள் இருந்ததாக விசாரணைகள் கூறின. ஆனாலும் அச்சில் வந்த ஒரு பாதகக் குறிப்பு தேடுபவர் கண்ணில் படவில்லை என்றால் என்ன ஆகலாம் என்பதை அது காட்டிவிட்டது. அந்தப் பழைய இதழ்களாவது நூலக அடுக்கில் இருந்தன, தோண்டியவர்களுக்குக் கிடைத்தன. இன்று ஓர் அரிய பக்கவிளைவைப் பதிவு செய்த மின்னிதழ் சர்வரோடு போய்விட்டால் தோண்டுவதற்கும் எதுவும் இருக்காது. மருந்தின் அரிய தீங்குகள் முதலில் தென்படுவது பெரும்பாலும் உங்களுடையது போன்ற சின்னச் சின்ன அறிக்கைகளில்தான்.

காத்து வைப்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, தவறான கட்டுரைகளையும் காத்து வைக்க வேண்டும். இது கேட்க விநோதமாக இருக்கும். நல்ல மருத்துவ இதழ் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றால் அதைத் தளத்திலிருந்து அழிக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறித்து, ஏன் என்று சொல்லும் அறிவிப்போடு இணைத்து வைக்கும், அந்த அறிவிப்பை யாரும் இலவசமாகப் படிக்க விடும். எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998-ன் லான்செட் கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது, இன்றும் அந்தக் குறியோடு அங்கேயே இருக்கிறது. 2020 மே 22-ல் லான்செட்டில் வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கட்டுரை, தரவுகளைச் சரிபார்க்க முடியாமல் ஜூன் 4-ல் திரும்பப் பெறப்பட்டது; அதுவும் அப்படித்தான். அழித்துவிட்டால் அதை மேற்கோள் காட்டிய மற்றக் கட்டுரைகளை யாரும் பின்னோக்கிச் சரிபார்க்க முடியாது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பல இடங்களில் பிரதி இருக்கும்போது திருத்தம் எல்லாப் பிரதிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். பப்மெட் சென்ட்ரலில் அது ஒழுங்காக நடக்கிறது. யாரோ தன் சொந்தத் தளத்தில் ஏற்றிய பிடிஎஃபுக்கு அது போகாது. 2023-ல், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை கிராஸ்ரெஃப் வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டதால், ஒரு டிஓஐ-யை வைத்து அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று தேடுவது இப்போது எளிதாகியிருக்கிறது.

கேஸ் ரிப்போர்ட் என்பதால் இதையும் யோசிக்க வேண்டும்: நோயாளியின் ஒப்புதல். கட்டுரைகளை முழுவதுமாக நீக்க ஒப்புக்கொள்ளப்பட்ட மிகச் சில காரணங்களில் நோயாளியின் அந்தரங்கம் மீறப்படுவதும் ஒன்று. ஆனால் திறந்த உரிமத்தில் வெளியாகிப் பல இடங்களில் பிரதி போன பிறகு எல்லாவற்றையும் திரும்ப இழுத்து வர யாராலும் முடியாது. அதனால்தான் ஒப்புதல் வாங்கும்போதே 'இது இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும், வெளியான பின் முழுமையாக நீக்க இயலாமல் போகலாம்' என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது. உங்கள் கட்டுரையை வேறு இடத்தில் ஏற்றுவதற்கு முன் அந்த ஒப்புதல் படிவத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். குறிப்பிட்ட இதழுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அதை மதிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருவோம். பிஎம்சி எண்ணும் இல்லை, கீப்பர்ஸிலும் இல்லை என்றால் பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளை வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கட்டுரைப் பக்கத்தின் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். இணை ஆசிரியர்களின் நிறுவனக் களஞ்சியங்களையும் பாருங்கள். இதழின் தளம் திடீரென்று மீண்டும் திறந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். காலாவதியான டொமைனை வேறு யாரோ வாங்கி, பழைய இதழின் பெயரிலேயே பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் வேலை நடக்கிறது. ஆசிரியர் குழுவில் இருந்த ஒருவரிடம் நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதற்குள் உங்கள் கையிலிருக்கும் பிடிஎஃபின் முதல் பக்கத்தில் என்ன உரிமம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பிஒய் (ஆசிரியர் பெயரைச் சொல்லி யாரும் பகிரலாம் என்ற உரிமம்) என்று இருந்தால் இதழில் வந்த அதே பிடிஎஃபை நீங்கள் எங்கும் ஏற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இதழ் பிறகு மனம் மாறினாலும் ஏற்கெனவே கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. வணிகப் பயன்பாடும் மாற்றமும் கூடாது என்ற வகை உரிமமாக இருந்தாலும் மாற்றாமல், பணம் வாங்காமல் களஞ்சியத்தில் வைப்பதற்கு அது இடம் தருகிறது. உரிமமே குறிப்பிடாமல் வெறுமனே 'இலவசமாகப் படிக்கலாம்' என்று மட்டும் இருந்தால்தான் தலைவலி. அப்போது பதிப்புரிமை யாரிடம் என்று ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை, அதாவது மதிப்பாய்வு முடிந்து இதழ் வடிவமைப்பதற்கு முந்தைய வேர்ட் கோப்பை, ஏற்ற வழி இருக்கும்.

ஏற்றுவதற்கு உங்கள் நிறுவனத்தின் களஞ்சியம்தான் முதல் தேர்வு, அது இல்லையென்றால் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான சேர்ன் 2013-லிருந்து நடத்தும் ஜெனோடோ என்ற பொதுக் களஞ்சியம். ஏற்கெனவே டிஓஐ இருக்கிறதா என்று ஜெனோடோ கேட்கும், அங்கே இதழ் கொடுத்த பழைய டிஓஐ-யையே போடுங்கள். புதிது எடுத்தால் ஒரே கட்டுரை இரண்டாகப் பிரிந்து மேற்கோள்களும் சிதறும். இன்னொன்று, உங்களுக்கு யாரோ 'வேறு இதழுக்குப் புதுசாக அனுப்பிவிடுங்கள், பழையதுதான் இல்லையே' என்று ஆலோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். தளம் போனாலும் வெளியீடு நடந்தது நடந்ததுதான், மறுபடி அனுப்புவது இரட்டை வெளியீடு ஆகும், அந்தப் பெயர் வாங்கினால் போகாது. அதைவிட மோசமாக, ஒரே நோயாளி இரண்டு நோயாளிகளாகப் பின்னால் வரும் தொகுப்பாய்வுகளில் எண்ணப்படுவார்.

அடுத்த முறை இதழ் தேர்ந்தெடுக்கும்போது கட்டணம் எவ்வளவு என்பதை வைத்துப் பாதுகாப்பை எடைபோட வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை. இதழை நடத்துவது யார் என்று பெயர் சொல்லியிருக்கிறதா, உரிமம் பிடிஎஃபுக்குள்ளேயே அச்சாகியிருக்கிறதா, கடந்த வருடத் தொகுதி கீப்பர்ஸில் தெரிகிறதா, இதுவரை ஒரு திருத்தமாவது வெளியிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். பத்து வருடம் ஓடிய மருத்துவ இதழில் ஒரு திருத்தம்கூட இல்லை என்றால் தவறே நடக்கவில்லை என்று நான் நம்ப மாட்டேன், யாரும் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். திறந்த இதழ்களின் அடைவான டிஓஏஜே பட்டியலில் இருப்பது நல்ல அறிகுறி. விண்ணப்பத்தில் ஆவணக்காப்பு பற்றியும் கேட்கிறார்கள். ஆனால் அதில் இருந்தாலே காப்பகத்தில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

இதைப் படிப்பவர்களில் சிறிய இதழ் நடத்தும் ஆசிரியர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓஜேஎஸ்-ல் ஓடும் இதழ்களுக்காக, அந்த மென்பொருளை உருவாக்கிய பிகேபி ஒரு காப்பு வலையமைப்பை இலவசமாக நடத்துகிறது. ஐஎஸ்எஸ்என் இருக்க வேண்டும், மென்பொருள் ஓரளவு புதிய பதிப்பாக இருக்க வேண்டும், ஒரு செருகுநிரலை இயக்கி நிபந்தனைகளுக்குச் சம்மதம் சொன்னால் போதும். ஆசிரியர்களிடம் கட்டணம் வாங்காத இதழ்களுக்காக டிஓஏஜே, கிளாக்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து ஜாஸ்பர் என்ற திட்டத்தையும் வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் பணம் தேவையில்லை, ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். செய்த பிறகு கீப்பர்ஸில் உங்கள் தொகுதிகள் தெரிகின்றனவா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. டிஓஐ செத்த பக்கத்துக்குப் போகிறது என்று கிராஸ்ரெஃபின் உதவிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதிவு செய்த பதிப்பாளரை அவர்கள் தொடர்புகொண்டு பார்ப்பார்கள். எங்காவது காப்பகத்தில் பிரதி இருப்பது தெரிந்தால் அந்த முகவரியையும் அதே மின்னஞ்சலில் சேர்த்து எழுதுங்கள். இதழை ஒரு சங்கம் நடத்தியிருந்தால் அதன் செயலாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தளம் போனது அங்கே யாருக்குமே தெரியாமல்கூட இருக்கலாம்.